மருந்துக்குக் காவல் வந்த வரலாறு

புலம்பெயர்ந்து வந்த புதிதில் எம்மவர் பலருக்கும் ஏற்பட்ட அனுபவம் இது. பிள்ளைக்கு நெஞ்சிலே சளி, இரவிரவாக இருமல். விடிந்ததும் மருந்தகத்துக்குச் சென்று, ஊரில் வாங்கிப் பழகிய மருந்தின் பெயரைச் சொல்கிறோம். மேசைக்கு அப்பால் நிற்பவர் வைத்தியரின் மருந்துத்துண்டு வேண்டும் என்கிறார். எமக்கோ வேலைக்குப் போகும் அவசரம். மொழியும் முழுதாகக் கைவரவில்லை. 'ஊரிலென்றால் கடைக்காரரிடம் சொன்னாலே போதும், இங்கே எல்லாவற்றுக்கும் சட்டம்' என்று முணுமுணுத்தபடி வெறுங்கையுடன் வீடு திரும்புகிறோம்.

இந்த முணுமுணுப்பை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. போர்க்காலத்தில் வடபகுதிக்கு மருந்து செல்வதற்குத் தடைகள் இருந்த ஆண்டுகளில், ஓர் அட்டைக் குளிசை கையில் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கிடைத்ததைப் பத்திரப்படுத்தி, மீந்ததை அயலவருக்கும் கொடுத்து உயிர் காத்த சமூகம் நாம். மருந்து இல்லாமையின் கொடுமை எமக்குத் தெரியும். ஆனால், மருந்தே நஞ்சாக மாறிய கொடுமையை இன்று நாம் வாழும் நாடுகள் அனுபவித்துள்ளன. அந்த அனுபவத்தின் விளைவே மருந்தகத்து மேசையில் எம்மிடம் கேட்கப்படும் அந்தத் துண்டு. அதன் வரலாற்றை அறிந்துகொள்வது எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் பயன்தரும்.

பெயரில் மட்டுமே குற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யாரும் எதையும் போத்தலில் அடைத்து மருந்தென்று விற்கலாம் என்ற நிலைமை இருந்தது. குழந்தைகளின் அழுகையை நிறுத்துவதற்கென விற்கப்பட்ட பாணிகளில் அபினின் சத்து கலந்திருந்தது. 1906ஆம் ஆண்டு தியடோர் ரூஸ்வெல்ற் சனாதிபதியாக இருந்தபோது முதலாவது உணவு மருந்துச் சட்டம் பிறந்தது. போத்தலின் மேல் ஒட்டும் சீட்டில் பொய் எழுதக்கூடாது என்பதே அச்சட்டத்தின் சாரம். உள்ளே இருக்கும் மருந்து பாதுகாப்பானதா என்று விற்பனைக்கு முன்னர் எவரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த ஓட்டையின் விலை 1937இல் தெரிந்தது. சல்பனிலமைட் என்ற மருந்து அக்காலத்தில் தொற்றுநோய்களுக்கு அருமருந்தாகக் கொண்டாடப்பட்டது. குளிசையாகவும் தூளாகவும் இருந்த அதனைக் குழந்தைகளும் எளிதில் குடிக்கத்தக்க பாணியாக்க ரெனசி மாநிலத்தின் பிறிஸ்ரல் நகரிலிருந்த மசெங்கில் என்ற கம்பனி விரும்பியது. அங்கிருந்த இரசாயனவியலாளர் அதனை டைஎதிலீன் கிளைகோல் என்ற திரவத்தில் கரைத்தார். அத்திரவம் இனிப்பானது, ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. நிறமும் மணமும் சுவையும் சரியா என்று கம்பனி சோதித்தது. உயிருக்குத் தீங்கு செய்யுமா என்று ஒரு மிருகத்துக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கும்படி சட்டமும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும் 15 மாநிலங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தொண்டை நோவுக்குக் கொடுத்த மருந்தினால் சிறுநீர் அடைபட்டு, நாட்கணக்கில் துடித்து அவர்கள் மாண்டனர். உணவு மருந்து நிர்வாகத்தின் உத்தியோகத்தர் ஏறக்குறைய அனைவரும் ஊர் ஊராகச் சென்று, எஞ்சிய போத்தல்களைத் தேடிப் பறிமுதல் செய்தனர். கம்பனி அனுப்பியிருந்த 240 கலன்களில் 234 கலன்களுக்கு மேல் மீட்கப்பட்டது. இத்தனை உயிர்களைக் குடித்தது மீதமான சில கலன்களே.

பறிமுதல் செய்வதற்கு அவர்களுக்கு இருந்த சட்ட ஆதாரம் எது தெரியுமா? அம்மருந்துக்கு 'எலிக்ஸர்' என்று பெயரிட்டிருந்தார்கள். அப்பெயருள்ள மருந்தில் மதுசாரம் இருக்க வேண்டும்; இதில் இருக்கவில்லை. ஆகவே பெயர் தவறு என்பதே குற்றம். நூறு பேரைக் கொன்றது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர்ப் பிழை மாத்திரம் தெரிந்தது. கம்பனிக்கு விதிக்கப்பட்டது தண்டப்பணம் மட்டுமே. அம்மருந்தைத் தயாரித்த இரசாயனவியலாளர் தற்கொலை செய்துகொண்டார்.

பெற்றோரின் கண்ணீர் கடிதங்களாக வெள்ளை மாளிகையைச் சென்றடைந்தது. பல ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருந்த சட்டமூலம் 1938 யூன் 25ஆம் திகதி சட்டமாகியது. புதிய மருந்தை விற்பனைக்கு விடுமுன் அது பாதுகாப்பானது என்பதற்குரிய சான்றை உற்பத்தியாளரே அரசாங்கத்திடம் முன்வைக்க வேண்டும் என்று அது விதித்தது. வைத்தியரின் துண்டு இன்றி விற்கக்கூடாத மருந்துகள் எவை என்பதை 1951ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. எனினும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பலவீனம் இருந்தது. விண்ணப்பம் கிடைத்து 60 நாட்களுக்குள் அரசாங்கம் ஆட்சேபிக்காவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குச் செல்லலாம். அந்த 60 நாள் பின்னர் ஒரு பெண்ணின் பிடிவாதத்தோடு மோதியது.

தூக்கக் குளிசையின் மறுபக்கம்

1957 ஒக்ரோபர் 1ஆம் திகதி மேற்கு ஜேர்மனியில் கொன்ரர்கன் என்ற தூக்கக் குளிசை விற்பனைக்கு வந்தது. ஸ்ரோல்பேர்க் நகரிலுள்ள கிறூனென்தால் கம்பனி அதனைத் தயாரித்தது. உள்ளிருந்த மருந்தின் பெயர் தலிடொமைட். அளவுக்கு மிஞ்சி விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்று விளம்பரம் செய்யப்பட்டது. மருந்துத்துண்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். கருவுற்ற தாய்மார் காலை வாந்திக்கும் தூக்கமின்மைக்கும் அதனை எடுத்தனர். பிரித்தானியாவில் அது 1958இல் டிஸ்ரவால் என்ற பெயரில் வந்தது. உலகில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்கப்பட்டது. அன்றைய மேற்கு ஜேர்மனியில் புதிய மருந்தொன்றை விற்குமுன் அதன் பாதுகாப்பை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கவில்லை. சுகாதாரத்துக்கெனத் தனியானதொரு மத்திய அமைச்சே அங்கு 1961இல்தான் உருவானது.

அமெரிக்காவில் இதே மருந்தை விற்பதற்கு மெரில் கம்பனி 1960 செப்ரெம்பரில் விண்ணப்பித்தது. அந்த விண்ணப்பம் உணவு மருந்து நிர்வாகத்தில் ஒரு மாதத்துக்கு முன்னரே வேலைக்குச் சேர்ந்திருந்த வைத்திய கலாநிதி பிரான்சிஸ் கெல்சியின் மேசைக்கு வந்தது. அவர் 1914இல் கனடாவின் வன்கூவர் தீவில் பிறந்தவர். இளம் வயதில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது, பெயரைக் கண்டு ஆண் என்று கருதிய பேராசிரியர் 'திரு' என்று விளித்தே அனுமதிக் கடிதம் அனுப்பினார். அங்கு அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று, 1937இல் நூறு பேரைக் கொன்ற அந்தப் பாணியில் நஞ்சாக இருந்தது எது என்று கண்டறியும் ஆய்வில் உதவுவதாகும். பின்னர் மலேரியா ஆய்வின்போது, குயினைனைச் சிதைக்கும் ஆற்றல் வளர்ந்த முயலின் உடலில் இருப்பதுபோல் கருவிலுள்ள குட்டியிடம் இல்லை என்பதை அவர் கண்டார். தாய்க்கு நல்லதாக இருப்பது பிள்ளைக்கும் நல்லதாக இருக்கும் என்று கருத முடியாது என்பதற்கு அது ஒரு பாடம்.

மெரில் கம்பனி அனுப்பிய சான்றுகள் போதாதவை என்று கெல்சி கருதினார். மேலும் தகவல் தருமாறு எழுதினார். அவ்வாறு எழுதியதும் 60 நாட் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. கம்பனிக்காரர் தொலைபேசியில் அழைத்தனர், நேரில் வந்தனர், மேலதிகாரிகளிடமும் முறையிட்டனர். இதனிடையே 1960ஆம் ஆண்டின் இறுதி நாளில் வெளியான பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஸ்கொட்லாந்து வைத்தியர் ஒருவரின் கடிதம் இடம்பெற்றது. இக்குளிசையை நீண்டகாலம் எடுத்தவர்களின் கைகால்களில் விறைப்பும் நரம்புச் சேதமும் காணப்படுவதாக அவர் எழுதியிருந்தார். அதைப் படித்த கெல்சி, பெரியவரின் நரம்பைத் தாக்கும் மருந்து கருவிலுள்ள சிசுவை என்ன செய்யும் என்று கம்பனியைக் கேட்டார். கம்பனியிடம் பதில் இருக்கவில்லை. மருந்து தீங்கானது என்று நிரூபிக்கும் சான்று அவர் கையில் அன்று இருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நல்லது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

1961ஆம் ஆண்டின் இறுதியில் உண்மை வெளியானது. கைகளும் கால்களும் வளராமல் குழந்தைகள் பிறப்பதை அவதானித்த ஹம்பேர்க் குழந்தை வைத்தியர் விடுக்கின்ட் லென்ஸ், தாய்மாரை ஒவ்வொருவராக விசாரித்துக் கொன்ரர்கனே காரணம் என்று சந்தேகித்தார். அவுஸ்திரேலியாவில் சிட்னி நகர வைத்தியர் வில்லியம் மக்பிறைட் தனியாக அதே முடிவுக்கு வந்தார். நவம்பர் இறுதியில் ஜேர்மனியிலும், டிசெம்பர் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் மருந்து மீளப் பெறப்பட்டது. கருவுற்ற ஆரம்ப வாரங்களில் ஒரே ஒரு குளிசை விழுங்கினாலும் சிசுவின் அவயவங்கள் பாதிக்கப்படக்கூடும் என்பது தெரியவந்தது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுட் பலர் பிறந்த சிறிது காலத்திலேயே இறந்தனர்.

கனடாவில் நடந்தது இன்னும் வேதனையானது. அங்கே அரசாங்கம் இம்மருந்துக்கு அனுமதி வழங்கியிருந்தது. ஜேர்மனியில் மீளப் பெறப்பட்ட செய்தி தெரிந்த பின்னரும் 1962 மார்ச் மாதம் வரை, ஏறக்குறைய மூன்று மாதங்கள், அது கனேடியச் சந்தையில் இருந்தது. கருவின் கைகால் உருவாவதற்குச் சில வாரங்களே போதும் என்று அறியும்போது, அந்த மூன்று மாதத் தாமதத்தின் பொருள் விளங்கும். கனடாவில் பிறந்த கெல்சி அமெரிக்காவில் கதவை மூடி வைத்திருந்தார். அவர் பிறந்த நாட்டிலோ கதவு திறந்து கிடந்தது. அமெரிக்காவும் முழுதாகத் தப்பவில்லை. அனுமதி கிடைக்குமுன்னரே 'பரிசோதனை' என்ற பெயரில் கம்பனி 25 இலட்சத்துக்கு மேற்பட்ட குளிசைகளை ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்களிடம் கொடுத்திருந்தது. அவற்றை விழுங்கிய பலருக்குத் தாம் பரிசோதிக்கப்படுகிறோம் என்பதே தெரியாது. எனினும் அந்நாட்டில் பாதிக்கப்பட்டதாக அறியப்பட்ட குழந்தைகள் 17 பேர் மட்டுமே. ஜேர்மனியில் அந்தத் தொகை ஆயிரக்கணக்கில் இருந்தது.

கண்ணீருக்குப் பின் சட்டம்

1962 யூலையில் கெல்சியின் கதையை வாஷிங்ரன் போஸ்ற் பத்திரிகை வெளியிட்டது. ரெனசி மாநிலத்தைச் சேர்ந்த செனற்றர் எஸ்ரிஸ் கீபோவர் நெடுநாளாகக் கொண்டுவர முயன்ற மருந்துச் சட்டமூலம் அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மக்கள் விழித்ததும் அது உயிர்பெற்றது. ஒக்ரோபர் 10ஆம் திகதி சனாதிபதி கென்னடி அதில் ஒப்பமிட்டார். மருந்து பாதுகாப்பானது என்பதோடு, சொல்லப்படும் நோயை உண்மையில் குணமாக்கும் என்பதையும் முறையான ஆய்வுகளால் நிரூபிக்க வேண்டும். மௌனத்தை அனுமதியாகக் கொள்ளும் பழைய முறை ஒழிந்தது. நோயாளியின் சம்மதம் பெற்றே புதிய மருந்தைப் பரிசோதிக்கலாம். பக்கவிளைவுகளை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். 1938க்குப் பின்னர் சந்தைக்கு வந்த மருந்துகளைப் புதிய அளவுகோலால் மீளாய்வு செய்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சொன்ன பயனைத் தராதவை என்று கண்டறியப்பட்டன. மக்கள் அத்தனை காலமும் அவற்றுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

பிரித்தானியாவில் 1963இல் சேர் டெரிக் டன்லொப் தலைமையில் மருந்துப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. வைத்தியர்கள் பக்கவிளைவுகளை அறிவிக்கும் 'மஞ்சள் அட்டை' முறை 1964இல் தொடங்கியது. 1968இல் மருந்துச் சட்டம் நிறைவேறியது. ஜேர்மனியில் கம்பனிக்காரர் மீதான வழக்கு 1968இல் தொடங்கி, 1970இல் தீர்ப்பு இல்லாமலே கைவிடப்பட்டது. மருந்துகளுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கிய புதிய சட்டம் அங்கு 1976இல் நிறைவேறி 1978இல் அமுலுக்கு வந்தது. கிறூனென்தால் கம்பனி பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2012இல்தான். அப்போது அக்குழந்தைகள் ஐம்பது வயதைத் தாண்டிக்கொண்டிருந்தனர்.

சட்டங்களுக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைப்பது நியாயமாகாது. சான்று தேடும் காலத்தில் நோயாளி இறந்துபோகக்கூடும். 1988 ஒக்ரோபரில் எயிட்ஸ் நோயாளிகளும் அவர்களின் நண்பர்களும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வாசலை முற்றுகையிட்டு, மருந்துகளை விரைவாகத் தருமாறு கோரினர். அக்கோரிக்கையில் உண்மை இருந்தது. உயிராபத்தான நோய்களின் மருந்துகளுக்கு விரைவு வழி 1992இல் வகுக்கப்பட்டது. நல்ல காவலாளி கதவை எப்போதும் பூட்டி வைத்திருப்பவனல்லன். யாருக்கு எப்போது திறப்பது என்று அறிந்தவன்.

இதற்குத் தலிடொமைட்டே சாட்சி. அம்மருந்து குட்டநோயாளிகளைத் துன்புறுத்தும் ஒருவகை வீக்கத்தைத் தணிக்கிறது என்று ஜெருசலேமில் ஒரு வைத்தியர் அவதானித்தார். 1998இல் அமெரிக்கா அதே மருந்துக்கு அந்நோயின் பொருட்டு அனுமதி வழங்கியது. அப்போது கெல்சி அதே நிர்வாகத்தில் பணியில் இருந்தார். பின்னர் எலும்பு மச்சைப் புற்றுநோய் ஒன்றுக்கும் அது பயன்பட்டது. ஆனால் இம்முறை வேலி போடப்பட்டது. கருத்தரிக்கக்கூடிய பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். ஆபத்தை விளங்கிக்கொண்டதாக நோயாளி ஒப்பமிட வேண்டும். ஒரு தடவையில் 28 நாட்களுக்கு மேற்பட்ட மருந்து கொடுக்கப்படமாட்டாது. 1957இல் வேலியின்றி வந்தபோது குழந்தைகளை முடமாக்கிய அதே பொருள், வேலிக்குள் வந்தபோது உயிர் காக்கிறது.

காகிதத்தில் மட்டும் இருந்தால்

சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது என்பதை எமக்கு நெருங்கிய மண்ணே அண்மையில் காட்டியது. 1937இல் அமெரிக்கக் குழந்தைகளைக் கொன்ற அதே டைஎதிலீன் கிளைகோல், 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் பாணியொன்றில் கலந்திருந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். ஒரு வீதத்தில் பத்திலொரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாத நஞ்சு, பாணியில் ஏறக்குறைய பாதியளவுக்கு இருந்ததைத் தமிழ்நாட்டு அரச ஆய்வுகூடம் கண்டறிந்தது. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. தொழிற்சாலைக்குள் சென்று பீப்பாவைத் திறந்து பார்க்கும் கைதான் உரிய வேளையில் அங்கே இருக்கவில்லை. எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் உலகம் கற்ற பாடத்துக்கு, கற்காதவர்களின் குழந்தைகள் மீண்டும் விலை கொடுத்தனர்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் மூலப் பெயராலேயே வாங்குதல், தேவையான மருந்துகளை மட்டும் இறக்குமதி செய்தல் என்ற அவரது கொள்கை பல வறிய நாடுகளுக்கு வழிகாட்டியது. மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இலும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இலும் நிறைவேறின. இருந்தும், தரமற்ற ஊசிமருந்துக் கொள்வனவு தொடர்பில் 2023இல் பெரும் சர்ச்சை எழுந்தது. அது தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். காவலுக்கு நிற்பவரையும் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

கெல்சி 2015 ஓகஸ்ட் 7ஆம் திகதி, தமது 101ஆவது வயதில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காலமானார். அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் அல்லர். சான்று காணும்வரை ஒப்பமிட மறுத்தார், அவ்வளவுதான். அந்த மறுப்பினால் முழு உடலோடு பிறந்தவர்கள் யார் யார் என்று அவர்களுக்கே தெரியாது.

அன்பான வாசகர்களே, இவ்வரலாறு எமது வீட்டு அலுமாரிக்கும் பொருந்தும். ஊரிலிருந்து வருபவர் கொண்டுவரும் பெயர் தெரியாத பாணிக்கும், அயலவர் அன்போடு தரும் மீதிக் குளிசைக்கும் பின்னால் எந்தக் காவலும் இல்லை. கருவுற்றிருக்கும் பெண் பிள்ளைகள், சாதாரண தலையிடிக்கென்றாலும், வைத்தியரிடமோ மருந்தகத்திலோ கேளாமல் எதையும் விழுங்கலாகாது. ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மருந்தினால் தீங்கு நேர்ந்தால் மௌனமாக இருந்துவிடாதீர்கள். நோயாளியே நேரடியாக அறிவிக்கும் வசதி பிரித்தானியா, கனடா உட்படப் பல நாடுகளில் உண்டு. லென்ஸ் கேட்டபோது ஜேர்மனியத் தாய்மார் தாம் விழுங்கிய குளிசையை நினைவுகூர்ந்து சொன்னார்கள். உண்மை வெளிவந்தது அப்படித்தான்.

அடுத்த தடவை மருந்தகத்து மேசையில் உங்களிடம் அந்தத் துண்டு கேட்கப்படும்போது, எரிச்சல் வருவது இயல்பு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒருவர் இல்லாத காலத்தில், தொண்டை நோவுக்குப் பாணி கொடுத்துப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள் என்பதை மட்டும் அவ்வேளையில் நினைத்துக்கொள்ளுங்கள்.